துறைக்குச் சொந்தமான சூடு

ஒரு பாலத்தைப் பார்வையிட வேண்டுமானால் பாலம் இருக்கிற இடத்துக்குத்தான் போக வேண்டும். பாலம் அலுவலகத்துக்கு வராது. பாலங்கள் பராமரிப்புத் துறை இந்த உண்மையைப் பல கூட்டங்களில் விவாதித்து, பெரும்பான்மைக் கருத்தாக ஏற்றுக்கொண்டு, அதன் பேரில் பால ஆய்வாளர் என்ற பதவியை ஏற்படுத்தியிருந்தது. நகரத்தில் அப்படிப் பன்னிரண்டு பேர். அவர்களில் ஒருவருக்கு நேர்ந்ததைத்தான் இங்கே சொல்கிறோம்.

அவருக்கு ஐம்பதை நெருங்கும் வயது. ஒல்லியான உடம்பு. மனுவில் கையெழுத்துப் போடும்போதுகூட அடுத்தவர் இடத்தை அடைத்துவிடக் கூடாதே என்று ஓரமாகப் போடுகிற சுபாவம். அவர் பொறுப்பில் ஒன்பது பாலங்கள். பத்தொன்பது வருடமாகத் துறை கொடுத்த பழைய ஸ்கூட்டரில் அவற்றைச் சுற்றி வந்தார். பாலத்தின் நடுவே இறங்கிக் கைப்பிடிச் சுவரில் உள்ளங்கையை வைத்து நிற்பார். லாரி ஒன்று கடக்கும்போது சுவர் எப்படி அதிர்கிறது என்று பார்ப்பார். பிறகு சின்னச் சுத்தியலால் அங்கங்கே தட்டிக் காதைக் கொடுப்பார். 'கணீர்' என்றால் நல்லது, 'பொத்' என்றால் நோட்டில் எழுதுவார். ஆகத் தொலைவில் இருந்த பாலம் பதினோரு கிலோமீட்டர். ஆகக் கிட்டத்தில் இருந்தது அலுவலகத்துக்குப் பின்னாலேயே.

இப்படி எந்தக் குறையும் இல்லாமல் போய்க்கொண்டிருந்த வேளையில் துறையின் இயக்குநர் ஒரு மாநாட்டுக்குப் போய்வந்தார்.

மாநாட்டு மண்டபத்தின் சுவரில் அவர் ஒரு புகைப்படத்தைப் பார்த்திருந்தார். முடிவில்லாத அகலச் சாலை, தூரத்தில் மலை, நடுவே ஒரு பிரம்மாண்டமான மோட்டார் சைக்கிள், அதன்மேல் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்த ஒரு மனிதர். அந்த மனிதர் நிச்சயமாக ஒரு துறையின் அதிகாரியாகத்தான் இருக்க வேண்டும் என்று இயக்குநருக்குத் தோன்றிவிட்டது. திரும்பி வந்ததும் 'நவீனத் தோற்றத் திட்டம்' அறிவிக்கப்பட்டது. பன்னிரண்டு ஸ்கூட்டர்கள் போயின. நெடுந்தூரப் பயணத்துக்கென்றே செய்யப்பட்ட பன்னிரண்டு மோட்டார் சைக்கிள்கள் வந்தன.

வண்டியைக் குறை சொல்ல முடியாது. ஒரே மூச்சில் ஐந்நூறு கிலோமீட்டர் ஓடக்கூடியது. முன்னால் காற்றைத் தடுக்கும் கண்ணாடி, இரண்டு பக்கமும் பெட்டிகள், வயிற்றில் முன்னும் பின்னுமாக இரண்டு பெரிய சிலிண்டர்கள். பின் சிலிண்டர் ஓட்டுகிறவரின் வலது தொடைக்கு நேர் கீழே இருந்தது. திறந்த சாலையில் வேகமாகப் போனால் எதிர்க்காற்று அதன் சூட்டை அள்ளிக்கொண்டு போய்விடும். ஆனால் ஆய்வாளரின் வீட்டுக்கும் அலுவலகத்துக்குப் பின்னால் இருந்த முதல் பாலத்துக்கும் நடுவே இரண்டரைக் கிலோமீட்டர், ஏழு சிக்னல். சிக்னலில் காற்று வருவதில்லை. காற்று வரவில்லை என்பதற்காக இன்ஜின் சூடாகும் கடமையில் தவறவும் இல்லை.

முதல் ஏழு வாரம் தன் உடம்பில்தான் ஏதோ கோளாறு என்று ஆய்வாளர் நினைத்துக்கொண்டார். எட்டாவது வாரம் அவருடைய மனைவி கண்டுபிடித்தாள். அவள் வீட்டு முன்னறையில் தையல் கடை வைத்திருந்தவள். துணி பொய் சொன்னால் அவளுக்குத் தெரியும். அவருடைய கால்சட்டையை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். வலது தொடையின் உள்பக்கம் மட்டும் துணி பழுப்பேறி மொரமொரவென்று இருந்தது.

"இஸ்திரிப் பெட்டிய மடியில வெச்சுக்கிட்டா வேலை பாக்கறீங்க?"

"புது வண்டிதான். கொஞ்சம் சூடு அடிக்குது. பழகிடும்னு சொல்றாங்க."

"எது பழகும், காலா?"

அவள் ஈரத்துணியை மடித்துத் தொடையில் போட்டாள். அவர் "ஸ்" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

மறுநாள் அவர் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த பட்டறைக்கு வண்டியைக் கொண்டுபோனார். பட்டறையை நடத்தியவரை எல்லோரும் 'ஸ்பானர் அக்கா' என்று கூப்பிட்டார்கள். அவரைவிட வயதில் மூத்தவர்களும் அப்படித்தான். அவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சிலிண்டருக்குக் கிட்டே உள்ளங்கையைக் காட்டி, சட்டென்று இழுத்துக்கொண்டார்.

"வண்டி மேல தப்பில்லண்ணே. ஓட வேண்டியத நிக்க வெச்சிருக்கீங்க, அதான். ரேடியேட்டர்ல சேறு அடைச்சிருக்கு, கழுவணும். கூலன்ட் மாத்தணும். புகைக்குழாய் மேல சூடு தாங்கற நாடா ஒண்ணு சுத்திடலாம். அப்புறம் சிலிண்டருக்கும் உங்க காலுக்கும் நடுவுல ஒரு அலுமினியத் தகடு, கீழ பாத்து சாய்ச்சு. சூடு ரோட்டுக்குப் போயிடும்."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"அரை மணி. டீ குடிச்சிட்டு வாங்க."

ஆய்வாளர் டீ குடிக்கத் திரும்பினார். திரும்பும்போது பெட்ரோல் டேங்கில் ஒட்டியிருந்த காகிதம் கண்ணில் பட்டது. 'துறையின் எழுத்துமூல அனுமதியின்றி இவ்வாகனத்தில் எவ்வித மாற்றமும் செய்யலாகாது.'

"ஒரு மனு போட்டுட்டு வந்துடறேன்," என்றார்.

"போடுங்க. தகடு இங்கயேதான் இருக்கும். கால பத்திரமாப் பாத்துக்குங்க."

வாகனப் பிரிவின் கண்காணிப்பாளர் மனுவை இரண்டு முறை படித்தார். அவருக்கு எந்த வண்டியும் ஓட்டத் தெரியாது. தினமும் பேருந்தில்தான் வருவார். ஆனாலும் நவீனத் தோற்றத் திட்டம் வந்த நாளிலிருந்து பன்னிரண்டு பை வைத்த தடிமனான சட்டையும், முழங்கால் வரை பூட்சும், கையுறையும் போட்டுக்கொண்டுதான் நாற்காலியில் உட்கார்ந்தார். அந்தப் பிரிவில் எல்லோருமே அப்படித்தான். கையுறையோடு பக்கம் புரட்டுவதால் ஒரு கோப்பைப் பார்க்க முன்பைவிட மூன்று மடங்கு நேரம் ஆயிற்று. பார்க்கிறவர்களுக்கு அது மூன்று மடங்கு கவனமாகத் தெரிந்தது.

"சூடுன்னு எழுதியிருக்கீங்க. யாரோட சூடு?"

"இன்ஜினோட சூடு சார்."

"எங்க இருக்கு?"

"என் தொடையில."

"உங்க தொடையில இருக்கறத இன்ஜினோடதுன்னு எப்படிச் சொல்றீங்க?"

ஆய்வாளர் யோசித்தார். கேள்வியில் நியாயம் இருப்பதாகவே பட்டது. "இன்ஜின்ல இருந்து வந்தது சார்," என்றார்.

"அதாவது, துறை வாகனத்துல இருந்து ஒண்ணு வெளிய போயிருக்கு. அத நீங்க வாங்கி வெச்சிருக்கீங்க." கண்காணிப்பாளர் பேனாவைக் கீழே வைத்தார். "இத எழுத்துல வேற கொடுத்திருக்கீங்க."

பத்து நாள் கழித்துச் சட்டப் பிரிவிலிருந்து குறிப்பாணை வந்தது:

'மேற்படி வாகனம் துறைக்குச் சொந்தமானது. அதில் நிரப்பப்படும் பெட்ரோல் துறைக்குச் சொந்தமானது. எனவே அப்பெட்ரோல் எரிவதால் உண்டாகும் வெப்பமும் துறைக்கே சொந்தமானது. அவ்வெப்பத்தைத் தாங்கள் முன்அனுமதி ஏதுமின்றி, தனிப்பட்ட உடல் உறுப்பில், தொடர்ந்து எட்டு வார காலம் அனுபவித்து வந்தது தங்கள் மனுவின் மூலமே தெரியவருகிறது. தங்களை ஏன் ஆவண அறைக்கு மாற்றக் கூடாது என்பதற்கு ஏழு நாட்களுக்குள் விளக்கம் அளிக்கவும்.'

ஆவண அறை அலுவலகத்தின் அடித்தளத்தில் இருந்தது. ஜன்னல் கிடையாது. அங்கே மாற்றப்பட்டவர்கள் மேலே வந்தால் வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொள்வார்கள். பாலங்கள் இல்லாமல் ஒரு நாள் எப்படிப் போகும் என்று ஆய்வாளரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. மூன்றாவது பாலத்தில் ஒரு இடம் ஆறு மாதமாகக் 'கணீர்' என்பதிலிருந்து 'பொத்' என்பதை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. அதை வேறு யாரும் காது கொடுத்துக் கேட்டதில்லை. அன்று அவர் பாதிச் சாப்பாட்டிலேயே எழுந்துவிட்டார்.

மனைவி குறிப்பாணையை வாங்கிப் படித்தாள்.

"அனுபவிச்சீங்களாமே."

"சட்டத்துல அந்த வார்த்தைக்கு வேற அர்த்தம்."

"இருக்கட்டும். எட்டு வாரமா ஒருத்தராவே அனுபவிச்சிருக்கீங்க, வீட்ல ஒரு வார்த்தை சொல்லல."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்காமல் இன்னொரு தடவை படித்தாள். பிறகு பல்லில் நூலைக் கடித்துத் துண்டித்துவிட்டுச் சொன்னாள்: "சூடு அவங்களோடதுன்னு அவங்களே எழுதிட்டாங்க இல்ல? அப்போ வந்து எடுத்துக்கிட்டுப் போகச் சொல்லுங்க."

விளக்கம் மறுநாளே போயிற்று. 'குறிப்பாணையில் கண்டபடி அவ்வெப்பம் துறைக்குச் சொந்தமானது என்பதைப் பணிவுடன் ஒப்புக்கொள்கிறேன். துறையின் சொத்தை மேலும் வைத்துக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. என் தொடையிலிருந்து அதைத் துறை திரும்பப் பெற்றுக்கொள்ள ஆவன செய்யுமாறு வேண்டுகிறேன்.'

இந்தக் கடிதம் மூன்று மாடிகளிலும் பெரும் கலக்கத்தை உண்டுபண்ணியது. திரும்பப் பெறுவதென்றால் எந்தப் பிரிவு பெறுவது? எந்தப் பதிவேட்டில் ஏற்றுவது? எங்கே வைப்பது? கிடங்குப் பொறுப்பாளர் இரண்டு நாள் விடுப்பில் போய்விட்டார். கடைசியில் சட்டப் பிரிவு ஒரு வழி கண்டுபிடித்தது: சூடே இல்லை என்று நிரூபித்துவிட்டால் திரும்பப் பெற ஒன்றும் இருக்காது.

கண்காணிப்பாளர், சட்ட அலுவலர், துறை மருந்தகத்தின் டாக்டர் என மூவர் குழு அமைந்தது. டாக்டரைச் சேர்த்ததற்குக் காரணம், துறையில் இருந்த ஒரே வெப்பமானி அவரிடம்தான் இருந்தது. அது காய்ச்சல் பார்க்கிற வெப்பமானி.

முதல் சோதனை வண்டியை மரநிழலில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து நடந்தது. பயண ஆணை இல்லாமல் இன்ஜினை இயக்க விதி இடம் தரவில்லை. இருக்கையில் வைத்த வெப்பமானியில் எதுவும் ஏறவில்லை. குழு திருப்தியோடு புறப்பட்டபோது ஆய்வாளர் மெதுவாக, "இன்ஜின போட்டாத்தான் சார் சூடாகும்," என்றார். அதைப் பதிவு செய்துகொண்டு பயண ஆணைக்கு எழுதினார்கள். மூன்று வாரத்தில் வந்தது. பயணத்தின் நோக்கம் என்ற இடத்தில் 'நின்றுகொண்டிருத்தல்' என்று இருந்தது.

இரண்டாவது சோதனையில் இன்ஜின் இருபது நிமிடம் ஓடியது. பின் சிலிண்டர் பக்கத்தில் வெப்பமானியைப் பிடித்தார்கள். பாதரசம் ஓடிப்போய் நாற்பத்திரண்டில் முட்டிக்கொண்டு நின்றது.

"நாப்பத்திரண்டுக்கு மேல ஒரு புள்ளிகூட ஏறல பாருங்க," என்றார் கண்காணிப்பாளர்.

"அதுக்கு மேல அதுல எண்ணே இல்லையே சார்," என்றார் ஆய்வாளர்.

"எண்ணே இல்லாத இடத்துக்குச் சூடு எப்படிப் போகும்?"

டாக்டர் தயங்கினார். "நாப்பத்திரண்டுங்கறது மனுஷனுக்கு உயிருக்கே ஆபத்தான காய்ச்சல்."

"வண்டி மனுஷன் இல்லையே டாக்டர்," என்றார் சட்ட அலுவலர். டாக்டர் அதை மறுக்கவில்லை.

அறிக்கை பதினெட்டுப் பக்கம் வந்தது. 'வெப்பம் ஒரே நிலையில் கட்டுக்குள் உள்ளது. வாகனம் நலமாக இருக்கிறது. இத்துறையின் வாகனங்களில் ஓட்டுநர் உணரத்தக்க சூடு ஏதும் இல்லை.' கீழே இயக்குநர் பச்சை மையில் கையெழுத்திட்டார். இல்லாத சூட்டை யாரும் அனுபவித்திருக்க முடியாது என்பதால் ஆய்வாளர் மீதான நடவடிக்கையும் கைவிடப்பட்டது. அவருக்கு உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது. ஆவண அறை தப்பியது, பாலங்கள் தப்பின. தொடை மட்டும் பழையபடி வெந்தது. மனைவி பழைய கம்பளியை வெட்டிக் கால்சட்டைக்குள் வைத்துத் தைத்துக் கொடுத்தாள். அதைப் போட்டுக்கொண்டு முதல் பாலத்தில் மட்டும் இறங்குவார். மற்ற எட்டுப் பாலங்களையும் நிறுத்தாமல் ஓட்டிக்கொண்டே பார்ப்பார். நிறுத்தினால் மறுபடி ஏறி உட்கார மனம் வருவதில்லை.

விஷயம் இத்தோடு முடிந்திருக்கும். ஆனால் துறையின் ஆண்டு விழா வந்தது.

பன்னிரண்டு வண்டிகளும் நகரத்தின் பிரதான சாலையில் ஊர்வலமாகப் போக வேண்டும், முதல் வண்டியை இயக்குநரே ஓட்ட வேண்டும் என்று முடிவாயிற்று. புகைப்படக்காரர்கள் கூடவே நடந்து வருவதற்கு வசதியாக வண்டிகள் நடைவேகத்தில் போகும்படி உத்தரவு. ஊர்வலம் நாற்பது நிமிடம் நடந்தது. முதல் பத்து நிமிடம் இயக்குநர் புன்னகைத்தார். அடுத்த பத்து நிமிடம் புன்னகை அப்படியே இருந்தது, கண் மட்டும் மாறியது. கடைசி இருபது நிமிடமும் அவர் வலது முழங்காலை வெளியே நீட்டிக்கொண்டே ஓட்டினார். இறங்கியதும் இரண்டு காலையும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாததுபோல் அகட்டி அகட்டி மேடைக்கு நடந்தார்.

மறுநாள் செய்தித்தாளில் அந்த நடையின் படம் வந்தது. 'கம்பீரம்' என்று கீழே போட்டிருந்தார்கள். அன்று மதியத்துக்குள் கண்காணிப்பாளர் அப்படி நடக்கத் தொடங்கிவிட்டார். வாரக் கடைசியில் மூன்று மாடிகளிலும் அதே நடை. நடைவழியில் எதிரெதிரே வந்த இரண்டு அதிகாரிகளால் ஒருவரை ஒருவர் தாண்டிப் போக முடியாமல் கோப்புகள் தேங்கின. ஆய்வாளரை மட்டும் எல்லோரும் மரியாதையாகப் பார்த்தார்கள். இவர் மாதக்கணக்கில் அப்படித்தானே நடந்துவந்தார், முன்னோடி.

இயக்குநர் அவரைத் தனியாகக் கூப்பிட்டனுப்பினார். அறைக்குள் போனபோது இயக்குநர் நின்றுகொண்டிருந்தார். உட்காரும் எண்ணம் இருப்பதாகத் தெரியவில்லை.

"நீங்க ஒரு மனு கொடுத்ததா ஞாபகம்."

"ஆமா சார். சூடு இல்லன்னு நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

"போட்டிருக்கேன். போட்டது போட்டதுதான், மாத்தினா நல்லா இருக்காது." இயக்குநர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். குரல் இறங்கியது. "வீட்ல என்ன போடறாங்க?"

"ஈரத்துணி சார். மூணு மடிப்பா."

"மூணா?" இயக்குநர் அதை மனதில் குறித்துக்கொண்டார். "அந்தப் பட்டறைக்காரம்மா ஏதோ தகடு சொன்னாங்களாமே. சூடே இல்லாத வண்டிக்கு வெப்பத் தகடு எதுக்குன்னு யாராவது கேப்பாங்க."

"கேப்பாங்க சார்." ஆய்வாளர் தரையைப் பார்த்தபடி நின்றார். பிறகு, எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை, சொன்னார்: "அலங்காரத் தகடுன்னு போட்டா கேக்க மாட்டாங்க சார். அலங்காரத்துக்கு யாரும் காரணம் கேக்கறதில்ல."

பத்தொன்பது வருட வேலையில் அவர் பேசிய முதல் அலுவலக வாக்கியம் அது. இயக்குநர் அவரை முதன்முறையாக முழுசாகப் பார்த்தார்.

'நவீனத் தோற்றத் திட்டம், இரண்டாம் கட்டம்' நாலே நாளில் வெளியாயிற்று. பன்னிரண்டு வண்டிகளுக்கும் அலங்காரப் பக்கத் தகடு. தகட்டின்மேல் துறையின் முத்திரை. முத்திரை பொதுமக்களின் பார்வையில் முழுமையாகப் படும்படி வெளிநோக்கி நிமிர்ந்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை.

ஸ்பானர் அக்கா உத்தரவை எண்ணெய்க் கையால் ஓரத்தில் பிடித்துக்கொண்டு படித்தார். "கீழ சாஞ்சாத்தான் சூடு ரோட்டுக்குப் போகும்ணே. இப்படி வெளிய பாத்து வெச்சா பக்கத்துல நிக்கறவங்க மேல போகும்."

"முத்திரை பொதுமக்களப் பாத்து இருக்கணும்னு போட்டிருக்காங்களே."

"அப்போ பொதுமக்களுக்குத்தான் போகும்."

"என் காலுக்கு வராதில்ல?"

"உங்க காலுக்கு வராது."

ஆய்வாளர் டீ குடிக்கப் போனார். திரும்பி வந்தபோது ரேடியேட்டர் கழுவி, நாடா சுற்றி, தகடு ஏறியிருந்தது. சரியாக அரை மணி. மனுவிலிருந்து கணக்குப் பார்த்தால் எட்டு மாதமும் அரை மணியும்.

மறுநாள் காலை அவர் கம்பளி இல்லாத கால்சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார். முதல் சிக்னலில் தொடையைத் தொட்டுப் பார்த்தார். மற்றத் தொடையைப் போலவே இருந்தது. இரண்டாவதில் மறுபடி தொட்டார். மூன்றாவதில் தொடுவதை மறந்து, மூன்றாவது பாலத்தைப் பற்றி நினைக்க ஆரம்பித்திருந்தார். இன்று ஒன்பதிலும் இறங்க வேண்டும், ஒவ்வொன்றாகத் தட்ட வேண்டும்.

நாலாவது சிக்னலில் அவருக்கு வலது பக்கத்தில் ஒரு சைக்கிள் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் குழாய் வேலை செய்கிறவர்; கைப்பிடியில் கருவிப் பை தொங்கியது. காலை ஊன்றினார், உடனே தூக்கினார். இடம் மாற்றி ஊன்றினார், மறுபடி தூக்கினார். பிறகு குனிந்து தகட்டைப் பார்த்தார். முத்திரை முழுமையாக அவர் பார்வையில் பட்டது.

"சார், உங்க வண்டில இருந்து அனலா அடிக்குது."

"அப்படியா," என்றார் ஆய்வாளர். பொய் சொல்ல அவருக்கு வராது. "அடிக்கும்தான்."

"அந்தத் தகட்டக் கொஞ்சம் உள்ள தள்ளி வெக்கலாமே. கையால தள்ளினாலே போகும் போல இருக்கு."

"போகும். ஆனா எழுத்துமூலம் அனுமதி வாங்கணும்." அவர் உண்மையான அக்கறையோடு சைக்கிள்காரர் பக்கம் சாய்ந்தார். "நீங்க ஒரு மனு கொடுங்க. மூணு பிரதி. சூடுன்னு மட்டும் எழுதிடாதீங்க, வீண் வம்பு. அழகுக் குறைவுன்னு எழுதுங்க. நானே நேர்ல கொண்டுபோய்க் கொடுக்கறேன்."

"எவ்வளவு நாள் ஆகும்?"

"எனக்கு எட்டு மாசம் ஆச்சு. நல்லவங்கதான், கொஞ்சம் நேரம் எடுத்துக்கறாங்க."

குழாய்க்காரர் சிக்னலைப் பார்த்தார். இன்னும் அறுபத்தைந்து வினாடி காட்டியது. அவர் தன் காலைப் பார்த்தார், முன்னால் பார்த்தார். ஒரு சைக்கிள் நிற்கிற அளவு இடம் இருந்தது.

"நான் முன்னாடி போய் நின்னுக்கறேன் சார்."

"தாராளமா."

அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு முன்னே போனார். காலியான இடத்தில், பின்னால் காத்திருந்த பெண்மணி ஒருவர் ஸ்கூட்டரை நகர்த்திக் கொண்டுவந்து நிறுத்தினார். முன்னால் சாமான் பை, பின்னால் குடை. நல்ல இடம் கிடைத்த நிம்மதியோடு காலை ஊன்றியவர், சட்டென்று தன் காலையும் பிறகு பக்கத்து வண்டியையும் பார்த்தார். குழாய்க்காரரும் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். அவர் கண்ணும் ஆய்வாளர் கண்ணும் சந்தித்தன.

பிறகு இரண்டு பேரும் சிக்னலில் இறங்குகிற எண்களை மிகவும் கவனமாகப் பார்க்கத் தொடங்கினார்கள்.